வரவே இல்லையா, வந்து போனதா?

ஜூன் மாதம் வகுப்பு மாறும்போது, ஓர் ஆசிரியர் அடுத்த ஆசிரியரிடம் மாணவர்களைப் பற்றி இரண்டொரு சொற்களில் சொல்லிவிடுவது நம் வழக்கம். "இவன் கொஞ்சம் ஸ்லோ சார்", "அந்தப் பொண்ணுக்கு எதுவும் ஏறாது டீச்சர்", "அவங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான்". யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் சொல்வதில்லை. ஆனால் மருத்துவரிடம் போய் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் எவ்வளவு விளங்குமோ, அவ்வளவுதான் இவற்றிலிருந்தும் விளங்கும். காய்ச்சலுக்குப் பின்னால் சாதாரணச் சளியும் இருக்கலாம், டெங்குவும் இருக்கலாம். "ஸ்லோ" என்பதற்குப் பின்னால் காது கேளாமை இருக்கலாம். ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கலாம். தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். சில நொடிகளே நீடித்து, ஒரு நாளில் பலமுறை வந்துபோகும் வலிப்பு இருக்கலாம். இவற்றில் சிலவற்றுக்கு மாத்திரை உண்டு. சிலவற்றுக்குப் பயிற்சியும் பொறுமையும்தான். சிலவற்றில் ஆறு மாதம் தாமதித்தால்கூட இழப்பு பெரிது.

நோயைக் கண்டறிவது நம் வேலை அல்ல; அதற்கு மருத்துவர் இருக்கிறார். ஆனால் மருத்துவர் அந்தக் குழந்தையைப் பத்து நிமிடம் பார்க்கிறார். நாம் ஆண்டுக்கு இருநூறு நாள்களுக்கு மேல், அதே வயதுடைய முப்பது குழந்தைகளுக்கு நடுவில் வைத்துப் பார்க்கிறோம். பெற்றோருக்குக்கூட இந்த ஒப்பீட்டு வசதி கிடையாது. அதனால் காரணங்களைப் பற்றி ஓரளவு தெரிந்து வைத்திருந்தால், எதைக் கவனிக்க வேண்டும், எதை எழுதி அனுப்ப வேண்டும் என்பது நமக்கு விளங்கும்.

முதலில் சொல் விளக்கம். உடலியக்கம், கைவிரல் வேலை, பேச்சு, சிந்தனை, பிறரோடு பழகுதல், உண்பது உடுப்பது போன்ற அன்றாடச் செயல்கள் ஆகியவற்றில் இரண்டிலோ அதற்கு மேலோ, வயதுக்குரிய நிலையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு பின்தங்கியிருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைப் பற்றித்தான் "வளர்ச்சித் தாமதம்" என்ற சொல்லை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஐந்து வயதுக்குப் பிறகு அறிவுத்திறனை ஓரளவு நம்பகமாகச் சோதிக்க முடியும் என்பதால், "அறிவுசார் குறைபாடு" முதலிய துல்லியமான பெயர்களுக்குப் போய்விடுகிறார்கள். அதாவது, முதல் வகுப்புக்கு ஒரு குழந்தை வரும்போது "தாமதம்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லிக் காத்திருக்கும் காலம் ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஆறு வயதுக்குள் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

எந்தக் குழந்தையைப் பற்றி யோசிக்கும்போதும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. இந்தத் திறன் இவனுக்கு இதுவரை வரவே இல்லையா? மெதுவாக வந்துகொண்டிருக்கிறதா? அல்லது வந்திருந்தது, இப்போது போய்க்கொண்டிருக்கிறதா? மூன்றும் வெவ்வேறு. மூன்றாவது எப்போதும் அவசரம். இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு காரணங்களைப் பார்ப்போம்.

ஒரு தாய் கேட்ட கேள்வி

1930களில் நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். பிறந்தபோது இருவரும் மற்றக் குழந்தைகளைப் போலவே இருந்தார்கள். வளர வளர மூத்த மகளுக்குப் பேச்சு மிகத் தாமதமாக, ஒன்றிரண்டு சொற்களாக வந்தது. மகனோ நிற்கவும் பேசவும் இல்லை. தாய் போர்க்னி ஏகெலாண்ட் மருத்துவர் மாற்றி மருத்துவரைப் பார்த்தார். குழந்தைகளின் சிறுநீரில் ஒரு விசித்திர வாடை வருகிறது, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1934ஆம் ஆண்டு அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அதைப் பொருட்படுத்திச் சோதித்தார். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டதும் அது பச்சை நிறமாக மாறியது. பல வாரம் உழைத்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். பால், பருப்பு, இறைச்சி என்று எல்லாப் புரத உணவிலும் இருக்கும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை அந்தக் குழந்தைகளின் உடலால் மாற்றிப் பயன்படுத்த முடியவில்லை. அது ரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுத்திருந்தது. இன்று இந்நோயை ஃபினைல்கீட்டோனூரியா என்கிறோம்.

அந்த இரு குழந்தைகளுக்கும் காலம் கடந்துவிட்டது. ஆனால் 1950களில் அந்த அமிலம் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி என்பவர், பச்சிளம் குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒருசில துளி ரத்தத்தைத் தாளில் ஒற்றி இந்நோயைக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கினார். பிறந்த சில நாள்களிலேயே கண்டுபிடித்து உணவை மாற்றினால், அந்தக் குழந்தை மற்றவர்களைப் போலவே பள்ளிக்கு வந்து படிக்கும். மரபணுவில் இருக்கும் பிழை அப்படியேதான் இருக்கிறது. மாறியது சாப்பாடு மட்டும். "மரபணுக் கோளாறு என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று நம்மில் பலர் நினைப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

இந்நோய் நம் பக்கம் அரிது. நமக்கு நெருக்கமானது பிறவித் தைராய்டு குறைபாடு. இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது. தைராக்சின் சுரப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தை அதிகம் அழாது, நிறையத் தூங்கும். "ரொம்ப சமத்துக் குழந்தை" என்று வீட்டில் பெருமைப்படுவார்கள். முதல் சில வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி தடைபடாது. விட்டுவிட்டால் இழந்தது திரும்புவதில்லை. நம் வகுப்பில் குள்ளமாக, தடித்த தோலும் மலச்சிக்கலும் சோர்வுமாக, எல்லாவற்றிலும் மெதுவாக ஒரு குழந்தை இருந்தால், ஒரு தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டிருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. பிறந்த பிறகு, இடையில் வரும் தைராய்டு குறைபாடும் உண்டு. அதில் மாத்திரை நல்ல பலன் தரும்.

"அவங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான்"

டவுன் சிண்ட்ரோம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1866இல் லாங்டன் டவுன் விவரித்தார். 1959இல் பிரான்சில் ஜெரோம் லெஜூன் குழுவினர், 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்று காட்டினார்கள். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதன்று. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது நேரும் பிரிவுப் பிழை. இந்தக் குழந்தைகளில் கணிசமானோருக்கு இதயக் கோளாறு, காது கேட்பதில் குறை, தைராய்டு குறைபாடு ஆகியவையும் சேர்ந்திருக்கும். "டவுன் சிண்ட்ரோம் குழந்தை, அப்படித்தான் இருக்கும்" என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டால், சரிசெய்யக்கூடிய காதும் தைராய்டும் கவனிக்கப்படாமல் போய்விடும்.

முகத்தில் வெளிப்படையாகத் தெரியாதவைதான் நம்மிடம் அதிகம் தப்புகின்றன. ஃப்ராஜைல் எக்ஸ் அப்படி ஒன்று. பரம்பரையாக வரும் அறிவுசார் குறைபாட்டுக் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான். எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணுவில், மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு துணுக்கு திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலானோருக்கு 45 முறைக்குக் குறைவு. 200 முறையைத் தாண்டினால் அந்த மரபணு செயலிழந்துவிடும். 55 முதல் 200 வரை உள்ள ஒரு பெண்ணுக்கு அறிவில் எந்தக் குறையும் இருக்காது. ஆனால் அது அவரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது நீண்டுவிடக்கூடும். ஆண் பிள்ளைக்கு ஒரே ஓர் எக்ஸ் என்பதால் பாதிப்பு கடுமை. கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்குவது, கைகளை உதறுவது, சொன்னதையே சொல்வது, சத்தம் தாங்காமை, சற்று நீண்ட முகமும் பெரிய காதுகளும்: இவை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தாயின் தம்பிக்கோ, சித்தி மகனுக்கோ இதேபோல் இருக்கிறது என்று தெரியவந்தால் அது மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல். வசையாக நாம் சொல்லும் "அவங்க வீட்ல எல்லாருமே அப்படித்தான்" என்ற வாக்கியம், சரியான இடத்தில் சொல்லப்பட்டால் நோயறியும் குறிப்பாகிவிடும்.

இங்கே உறவுத் திருமணத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21) படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு ஏறத்தாழ 28 பேர் உறவுக்குள் மணமுடித்தவர்கள். நம் எல்லோரிடமும் வேலை செய்யாத மரபணுப் பிரதிகள் சில இருக்கின்றன; ஜோடியில் மற்றது நன்றாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. தாய்மாமனும் அக்கா மகளும் தம் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கை, அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். அதனால் ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. கணித ஆசிரியர்கள் இரண்டு நாணயங்களைச் சுண்டிக் காட்டினால் போதும்: இரண்டிலும் தலை விழுவது நான்கில் ஒன்று, முந்தைய முறை விழுந்தது அடுத்த முறைக்கு எந்தச் சலுகையும் தராது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. உறவில் மணந்தவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். உறவு இல்லாத திருமணங்களிலும் இந்நோய்கள் வருகின்றன. ஏற்கெனவே மனமுடைந்து நிற்கும் தாயிடம், பிள்ளை எதிரில், "சொந்தத்தில் கட்டினதாலதான்" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பாடவேளை.

பிறப்பின்போதும் பிறகும்

குறைமாதப் பிறப்பு, பிரசவத்தில் மூச்சுத் திணறல், பச்சிளம் பருவத்துக் கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை மூளையை நேரடியாகக் காயப்படுத்துபவை. இவற்றால் வரும் மூளை முடக்குவாதத்தில் காயம் பரவுவதில்லை. தசை இறுகிப் போவதால் நிலைமை மோசமாவது போலத் தெரியும், இயன்முறைப் பயிற்சி அதைத் தடுக்கும்.

ஒரு வகையை மட்டும் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். கடும் காமாலையில் பிலிரூபின், மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியையும் செவி நரம்புப் பாதையையும் தாக்குகிறது. சிந்திக்கும் பகுதி பெரும்பாலும் தப்பிவிடும். அந்தக் குழந்தையின் கைகால்கள் நெளியும், முகம் கோணும், எச்சில் வழியும், பேச்சு புரியாது. பார்ப்பவர்கள் அறிவுசார் குறைபாடு என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் அவனுக்கு விடை தெரிந்திருக்கலாம். சொல்லும் வழிதான் இல்லை. நான்கு விடைகளை நான்கு அட்டையில் எழுதி மேசையில் பரப்பி, கண்ணால் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு, வகுப்பில் சத்தமில்லாமல் நடக்கும் ஒன்று. நான்கு முதல் பத்து வயதுக்குள் தொடங்கும் ஒருவகை வலிப்பில் கை கால் உதறல், கீழே விழுதல், நுரை தள்ளுதல் எதுவும் இராது. படித்துக்கொண்டிருக்கும் குழந்தை பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். ஐந்து முதல் பதினைந்து நொடி வெறித்த பார்வை, சில வேளை இமைத் துடிப்பு. பிறகு எதுவும் நடக்காததுபோலத் தொடரும். நாளுக்குப் பல முறை வந்தால் பாடம் ஓட்டைத் துணியாகிவிடும். கனவு காணும் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ தோளைத் தொட்டாலோ திரும்பிவிடும். இந்தக் குழந்தை அந்த நொடிகளில் திரும்பாது. சொல்வதெழுதுதல் நோட்டில் நடுநடுவே இரண்டு மூன்று சொற்கள் விடுபட்டிருப்பதும் ஒரு தடயம். மூளை மின் அலைப் பதிவில் இது தெளிவாகத் தெரியும், மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், பலருக்கு வளர்ந்த பின் நின்றும்விடும். கவனக்குறைவுக்காகத் திட்டு வாங்கியே இரண்டு ஆண்டு கழிப்பதற்கும் ஒரு மாத்திரைக்கும் இடையில் இருப்பது, யாராவது ஒருவர் கவனித்துச் சொல்வது மட்டும்தான்.

வந்தது போகும்போது

இப்போது அந்த மூன்றாவது நிலை. எட்டாம் வகுப்பு வரை அழகாக எழுதிய மாணவியின் கையெழுத்து கோணுகிறது, நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. மதிப்பெண் சரிகிறது, கோபம் வருகிறது. "வயசு அப்படி", "செல்போன்" என்று நாம் எளிதாகக் காரணம் கண்டுபிடித்துவிடுவோம். வில்சன் நோய் இப்படித்தான் தொடங்கக்கூடும். 1912இல் கின்னியர் வில்சன் விவரித்த இந்த மரபணு நோயில், உணவிலுள்ள தாமிரத்தை ஈரல் வெளியேற்ற முடியாமல், அது ஈரலிலும் மூளையிலும் படிகிறது. கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தோன்றும். அறிவு மங்கும் நோய்களில் மருந்து உள்ள மிகச் சிலவற்றில் இது ஒன்று. தாமிரத்தை வெளியேற்றும் மாத்திரையை வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டும். சீக்கிரம் தொடங்கியவர்கள் படித்து வேலைக்குப் போகிறார்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

தொடக்கப் பள்ளியில் இதற்கு இணையானது டூஷேன் தசைச்சிதைவு நோய். அநேகமாக ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது. நடக்கத் தாமதித்திருப்பான், அடிக்கடி விழுவான், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இழுத்து ஏறுவான். மதிய உணவு முடிந்து தரையிலிருந்து எழும்போது பாருங்கள்: கையை முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுந்திருப்பான். ஆடுசதை உருண்டு திரண்டிருப்பதால் வீட்டில் பலசாலி என்று நினைத்திருப்பார்கள். இதில் பழுதான டிஸ்ட்ரோபின் புரதம் தசைக்கு மட்டுமல்லாமல் மூளைக்கும் தேவை. அதனால் சிலருக்குப் பேச்சுத் தாமதமும் படிப்பில் சிரமமும் முதலில் வரும், விழுவது பிறகு வரும். முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை என்றாலும், ஸ்டீராய்டு சிகிச்சை நடக்கும் காலத்தை நீட்டிக்கிறது. இவனை மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பது தசைக்குக் கேடு. சி.கே. எனப்படும் எளிய ரத்தப் பரிசோதனையிலேயே ஐயம் பெரும்பாலும் தெளியும். சீக்கிரம் தெரிந்தால், தாய் அடுத்துக் கருவுறும் முன் மரபணு ஆலோசனை பெறவும் வழி கிடைக்கும்.

குழந்தைப் பருவத்தில் வந்த தட்டம்மை, பல ஆண்டு கழித்து மூளையைத் தாக்குவதும் உண்டு. மதிப்பெண் சரிவு, நடத்தை மாற்றம், கையிலிருப்பதைத் திடீரெனத் தவறவிடும் வெட்டு அசைவுகள் என்று தொடங்கும். குணப்படுத்த வழியில்லை, தடுப்பூசி ஒன்றுதான் காப்பு. இந்த நோய் இருப்பது தெரிந்த பிறகு, தடுப்பூசி முகாமுக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் நான் பேசும் பேச்சே மாறிவிட்டது.

நம்மிடம் உள்ள சான்று

"வந்து போகிறது" என்பதை நிரூபிக்க மருத்துவரிடம் எந்தக் கருவியும் இல்லை, நம்மிடம் இருக்கிறது. ஜூன் மாத நோட்டும் ஜனவரி மாத நோட்டும். ஐயமுள்ள குழந்தையின் பழைய நோட்டைத் தேதியோடு எடுத்து வையுங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பு: என்ன கவனித்தீர்கள், எந்தத் தேதி முதல், நாளுக்கு எத்தனை முறை, எந்த நேரத்தில். "படிப்பில் ஆர்வமில்லை" என்று எழுதாதீர்கள். "செப்டம்பரில் இரண்டெழுத்துச் சொற்களைப் படித்தாள், டிசம்பரில் படிக்கவில்லை" என்று எழுதுங்கள். அடங்காமல் ஓடும் பிள்ளையைப் பற்றி நாம் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். அமைதியாகப் பின்வரிசையில் உட்கார்ந்து தேயும் பிள்ளையைப் பற்றித்தான் குறிப்பே இருப்பதில்லை.

பெற்றோரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்வோம். முதல் கட்டமாகக் காதும் கண்ணும் சோதிக்கப்பட வேண்டும், எந்தக் காரணத்தைச் சந்தேகித்தாலும் சரி. தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும். பிறந்தது முதல் 18 வயது வரை இதன்கீழ் வருகிறார்கள். பட்டியலை அன்று காலை அவசரமாகத் தயாரிக்காமல், குறிப்பும் நோட்டும் சேர்த்து முன்பே வைத்திருந்தால் அந்தக் குழு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைப்பது எளிது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் நமக்குத் துணை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஏற்கும் 21 வகைகளில் அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு ஆகியவை உண்டு. சான்று பெற்றால் தேர்வுச் சலுகைகளுக்கும் உதவித்தொகைக்கும் வழி பிறக்கும். திறன் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றினால் மட்டும் இந்தக் குழு வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

மருத்துவர் மரபணுக் காரணம் என்று உறுதிசெய்துவிட்டால், வீட்டில் வேறு பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்பில் என்று கேளுங்கள். வில்சன் நோயில், எந்த அறிகுறியும் இல்லாத உடன்பிறந்தவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது; அவருக்கு இப்போதே மாத்திரை தொடங்கினால் கையெழுத்து கோணவே கோணாது. தம்பியோ தங்கையோ நம் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பில் இருக்கலாம், அல்லது பக்கத்து அங்கன்வாடியில். அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அன்றே ஒரு வார்த்தை சொல்லி, மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.